முப்பத்தைந்தைத் தாண்டினால்

முப்பத்துநாலு மைல் வேகம் வரைக்கும் காரில் ஒரு குறையும் இல்லை. வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் புதுத் தார் றோட்டில், சோளகக் காற்று பனையோலைகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க, கழிப்பக்கத்து உப்பு மணமும் சூடேறிய தாரின் மணமும் மூக்கில் மாறி மாறி ஏற, எண்ணெய் ஊற்றினதுபோல் அது வழுக்கிக்கொண்டு ஓடும். முள் முப்பத்தைந்தைத் தொட்டதும் பின்பக்கத்தில் எங்கேயோ ஒரு நடுக்கம் தொடங்கும். பலகை வழியாக வந்து, இருக்கை வழியாக ஏறி, மாக்கிறேற்றின் முதுகுத்தண்டில் நிற்கும்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. மாக்கிறேற்றின் புருஷன் வின்சன்ற் காய்ச்சலில் கண்ணை மூடி நாலைந்து மாதம். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டுத் தீவுக்குக் கொண்டுவந்த அந்த வாடகைக் காரை இப்போது அவள்தான் ஓடினாள். கடல் கடக்க லோஞ்சிக்குப் போகிறவர்களையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றினாள். பொம்பிளையின் கைபட்டு இரும்பும் நடுங்குது என்று இறங்குதுறையில் ஒருவன் பகிடி விட்டதற்கு, "உங்கடை கையிலை கள்ளுமுட்டி நடுங்கிறதிலும் பாக்க இது பறவாயில்லை" என்று அந்த இடத்திலேயே கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

ஆனால் யாகப்புவின் வாயை அப்படி அடைக்க ஏலாது. அவன் வின்சன்றின் தமையன். கார் வாங்கும்போது பாதி போட்டவன்.

"இந்த நடுக்கத்தோடை சனத்தை ஏத்தி ஆரையும் சாக்காட்டினால் எங்கடை குடும்பத்துக்குத்தான் பேர்" என்றான். "ஞாயிறு பூசை முடிய நான் ஏறிப் பாப்பன். நடுங்கிச்சுதோ, கார்த் திறப்பை என்னட்டைத் தந்துபோடும்."

"தந்துபோட்டு நான் என்ன செய்யிறது, மச்சான்?"

"வீட்டோடை இரும். ரெண்டு ஆடு வாங்கி வளரும்."

"ஆட்டை நீங்கள் வளருங்கோ. காரை நான் ஓடுறன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அவளுடைய சோறும் ரோசமும் அந்த ஒரு காரில்தான் இருந்தன. ஞாயிறு வருவதற்குள் நடுக்கத்தைப் பிடித்தாக வேண்டும்.

வின்சன்ற் காருக்கு அடியில் கிடந்த நாளெல்லாம் விளக்குப் பிடித்தவள் அவள். நடுக்கம் ஸ்ரேறிங்கில் தெரிந்தால் குற்றம் முன்சக்கரத்தில், இருக்கையில் தெரிந்தால் பின்பக்கத்தில் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்ரேறிங் ஒரு பொட்டுக்கூட ஆடவில்லை. ஆகவே பின்பக்கத்தை ஜக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, விளிம்பை ஒட்டி வெண்கட்டியைப் பிடித்தாள். சக்கரம் கோணலாக இருந்தால் ஓரிடத்தில் மட்டும் கோடு விழும். விழுந்ததோ முழுவட்டம். அது போதாதென்று பின்சக்கரங்களை முன்னுக்கும் முன்சக்கரங்களைப் பின்னுக்கும் மாற்றிப் பூட்டினாள். நடுக்கம் பின்னுக்கே இருந்தது. நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது கியரை விடுவித்து எஞ்சினை நிற்பாட்டிப் பார்த்தாள். காற்றின் இரைச்சலும் ரயரின் சீறலும் மட்டும் மிஞ்சின அந்த அமைதியிலும் அது நடுங்கிற்று. எஞ்சினும் இல்லை. கடைசியாக அடியில் புகுந்து, எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். ஒரு மூட்டும் ஆடவில்லை, ஒரு ஆணியும் இளகவில்லை.

காரில் குற்றமே இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை தங்கச்சி ஜசிந்தாவைப் பின்சீற்றில் ஏற்றினாள். சத்தம் எந்தப் பக்கமென்று காது கொடுத்துக் கேட்டுச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. முள் முப்பத்தைந்தைத் தாண்டியது. நடுக்கம் வந்தது.

"எங்கையடி கேக்குது?"

மாக்கிறேற் கண்ணாடியில் பார்த்தாள். மூன்று பேர் தாராளமாக இருக்கும் சீற்றில் ஜசிந்தா கதவோடு கதவாக ஒட்டி, தோளைக் குறுக்கி, செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"ஏன் மூலைக்குள்ளை ஒதுங்கிறாய்? நடுவிலை இரன்."

"ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

"இடமில்லை."

கார் நின்றதும் ஜசிந்தா இறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். மாக்கிறேற் பக்கத்தில் காரை மெல்ல ஓட்டிக்கொண்டுபோய்க் கூப்பிட்டும் அவள் ஏறவில்லை.

அடுத்த நாள் உச்சி வெயிலில் மாக்கிறேற் தனியாகப் புறப்பட்டாள். பின்சீற்றின் மெத்தையைக் கழற்றி முற்றத்தில் போட்டுவிட்டாள். இனி அங்கே வெறும் பலகை, நடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. றோட்டில் மனிதர் இல்லை, மாடு இல்லை; வெயிலின் கூச்சத்தில் பனைகளின் நிழல் அதனதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது; காற்றும் அன்றைக்கென்று விழுந்துபோயிருந்தது. முப்பது. முப்பத்துநாலு. முப்பத்தைந்து.

வந்தது.

இந்த முறை அவள் தேடவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். சக்கரத்தின் நடுக்கம் சக்கரம் சுற்றும்வரை விடாது. இது விட்டது. களைத்ததுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறி மறுபடி தொடங்கிற்று.

அவளுக்கு அது தெரியும்.

வின்சன்றுக்குக் காலாட்டும் பழக்கம். மேசையில் இருந்து ஆட்டினால் தேத்தண்ணிக் கோப்பையில் அலை எழும்பும். கோயில் வாங்குப் பலகையில் இருந்து ஆட்டினால் மறுகோடியில் செபம் சொல்லும் கிழவர் எட்டிப் பார்ப்பார். போன வருஷம் அவன் கை முறிந்து கிடந்த காலத்தில்தான் அவள் ஓடத் தொடங்கினாள். அவன் பின்சீற்றில் இருப்பான். மெல்லப் போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முள் முப்பத்தைந்தைத் தாண்டினால் கால் ஆடத் தொடங்கும். அவள் வேகத்தைக் குறைப்பாள், கால் நிற்கும். ஸ்ரேறிங்கைப் பிடித்தது அவள், ஓடினது அவன்.

கண்ணாடியைப் பார்க்க மனம் வரவில்லை. கால் அக்சிலேற்றரை விட்டு எழும்பப் போயிற்று. முப்பத்துநாலுக்கு இறங்கினால் போதும், எல்லாம் நின்றுவிடும். நாளைக்கும் அப்படித்தான், சாகும் வரைக்கும் அப்படித்தான்.

அப்போதுதான் அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இருக்கேக்கையும் விடயில்லை, செத்தும் விடமாட்டியளோ?" அவள் முன்கண்ணாடியைப் பார்த்தே கத்தினாள். "நான் குறைக்கமாட்டன். கேட்டுதோ? நான் குறைக்கமாட்டன்! ஏலுமெண்டால் முன்னுக்கு வந்து நீங்களே ஓடுங்கோ!"

அக்சிலேற்றரை அமுக்கினாள். நாற்பது.

நடுக்கம் நின்றது.

அப்படியே நின்றது. கார் தண்ணீரில் போவதுபோல் போயிற்று. மாக்கிறேற் அழுதாள், பிறகு சிரித்தாள். வீட்டுக்கு வந்து மெத்தையைத் திரும்பப் பூட்டினாள். அன்று அவள் நிம்மதியாகப் படுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து யாகப்பு வந்தான். பூச்சி உருண்டை மணக்கும் கோட்டோடு முன்சீற்றில், அவளுக்குப் பக்கத்தில் ஏறிக் குந்தினான். முப்பத்தைந்தில் அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்து காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. நாற்பதிலும் வரவில்லை.

"ம்... நல்லாத்தான் கிடக்கு" என்றான் யாகப்பு, பாகற்காயைக் கடித்த முகத்தோடு.

"திறப்பு ஆரிட்டை இருக்கும், மச்சான்?"

"உம்மட்டையே இருக்கட்டும்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒருவரும் ஆட்டாத, ஒருவரும் தடுக்காத நாற்பத்தைந்து. பனைகள் பின்னால் ஓடின. இறங்குதுறையின் பாய்மரங்கள் தெரிந்தன. லோஞ்சிக்காகப் பெட்டியும் பிள்ளையுமாகச் சனம் றோட்டை நிறைத்து நின்றது. ஹோர்ணை அடித்துக்கொண்டு அவள் காலை எடுத்தாள்.

கால் எழும்பவில்லை.

மறுபடி எடுத்தாள். இல்லை. அவளுடைய வெறும் பாதத்தின் மேல் ஏதோ பாரமாக இருந்தது. குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது.

"மெல்லப் போம்" என்றான் யாகப்பு. "மாக்கிறேற், சனம் நிக்குது!"

அவள் குனிந்து பார்த்தாள்.

ஒரு பாதம். ஆம்பிளைப் பாதம். நகங்கள் கறுத்து, விரலிடுக்கில் சேமக்காலைப் புதைகுழி மணல். அது அவளுடைய இருக்கைக்கு அடியிலிருந்து, அவளுடைய இரண்டு கணுக்காலுக்கும் நடுவால், எந்த மனிதக் காலுக்கும் இல்லாத நீளத்தில் வந்திருந்தது. அவளுடைய விரல்களை அக்சிலேற்றரோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. முன்னுக்கு வந்து ஓடச் சொன்னவள் அவள்தான்.

யாகப்புவும் பார்த்தான். வாய் திறந்தது. அந்தப் பெரிய ஆள் தன் இரண்டு காலையும் தூக்கிச் சீற்றின் மேல் வைத்துச் சுருண்டுகொண்டான்.

"தம்பி..." என்றான். அவளைப் பார்த்து அல்ல.

நாற்பத்தெட்டு. ஐம்பது.

மாக்கிறேற் கத்தவில்லை. பல்லைக் கடித்தாள். "இது என்ரை கார்" என்றாள். இடது காலைத் தூக்கிப் பிரேக்கில் ஊன்றினாள். உடம்பின் முழுப் பாரத்தையும் அதில் ஏற்றினாள். ரயர் அலறியது. கருகிய ரப்பர் மணம். சனம் சிதறி ஓடியது. மேலே இருந்த பாதம் இன்னும் அமுக்கியது. அவளுடைய வலது கால்விரல் ஒன்று முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் விடவில்லை. கார் உறுமி, திமிறி, மெல்ல, மெல்ல வேகம் குறைந்தது. நாற்பது. முப்பத்தாறு. முப்பத்தைந்து.

அப்போது இருக்கைக்கு அடியிலிருந்து மற்றக் காலும் வந்தது.