ஒரு சாண் இடைவெளி

ஒரு கொண்டை ஊசி குறைந்திருந்தது.

நேற்று மாலை குந்தி உட்கார்ந்து அவளேதான் எல்லாவற்றையும் குத்தினாள். வீட்டின் பின்சுவரையொட்டி, வெயில் எட்டிப் பார்க்காத அந்த நாலடி மண்ணில் இதுவரை எதை வைத்தாலும் அழுகிப்போயிற்று. மழை பெய்தால் சேறு தெறித்து மகளின் ஜன்னல்வரை ஏறும். அதனால்தான் செடி வாங்கப் போனாள்.

"நிழலுக்கு இதுதாம்மா. வருஷம் பூரா பச்சையா, தரையோட தரையா படரும்," என்றார் செடிக்கடைக்காரர். "கொடியை மண்ணுல படுக்க வச்சு, ஒரு சாண் விட்டு ஒரு சாண் கொண்டை ஊசியால குத்திடுங்க. அசையக் கூடாது, அவ்வளவுதான். அசையாம கிடந்தா குத்தின எடத்துல எல்லாம் வேர் விட்டுடும்."

காய்ச்சலில் முடி கொட்டியதிலிருந்து அவளுடைய கொண்டை ஊசி டப்பா சும்மாதான் கிடந்தது. அதைக் காலி செய்தாள்.

இப்போது ஒரு கொடி மட்டும் தலை தூக்கி நின்றது. ஊசி இருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும். அதுக்கும் கொண்டை போட ஆசை இருக்காதா?" என்றான் கணவன், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

அவளும் சிரித்தாள். மறுநாள் மூன்று ஊசிகளைக் காணவில்லை. அதற்கடுத்த நாள் ஏழு. காலடி இல்லை, கிளறிய தடம் இல்லை. யாரோ பொறுமையாக, கொடிக்கு வலிக்காமல் உருவி எடுத்ததுபோல் இரட்டைத் துளைகள் மட்டும்.

மகளுக்கு ஆறு வயது, இடுப்புவரை முடி. படுக்கையில் ராட்டினமாய்ச் சுற்றி, விடியும்போது தலையணையில் காலை வைத்துக் கிடப்பாள். வாலு என்ற பேர் அப்படித்தான் வந்தது. இந்த வாரம் வாலு ராத்திரி படுத்தது படுத்தபடியே கண் விழித்தாள். போர்வையில் ஒரு சுருக்கம் இல்லை.

"இவ தூக்கத்துல அசையறதே இல்லைங்க."

"உருண்டு விழுந்தாலும் புலம்புவ, விழலேன்னாலும் புலம்புவ."

தலை வாரும்போது சீப்பில் ஈரமண் ஒட்டியது.

"எங்கடி போய்ப் புரண்ட?"

"நான் புரளவே இல்லம்மா," என்றாள் வாலு, பெருமையாக.

பள்ளி விடுமுறை நாள். மதியச் சாப்பாடு முடிந்து மகள் படுத்துவிட்டாள், கணவன் வேலைக்குப் போயிருந்தான். வானம் மூடிக்கொண்டு வர, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூடிய கிணற்றைத் திறந்தாற்போல் ஒரு குளிர்ந்த மண்வாடை கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் மெல்ல நுழைந்து, சோப்பு வாசனையை அமுக்கிக்கொண்டு அவள் கழுத்தருகே வந்து நின்றது. குழாயை மூடினாள். அப்போது கேட்டது.

நறுக்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். எதிலோ ஊசி இறங்கும் சத்தம்.

பின்கதவைத் திறந்து ஓடினாள். சுவரோரம் யாருமில்லை. ஓர் ஊசிகூட இல்லை.

நறுக்.

முதுகுக்குப் பின்னால். வீட்டுக்குள்ளே.

கூடம். மகளின் அறை. பாதி சாத்திய கதவு.

வாலு மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. பின்னலை அவிழ்த்து, முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, மெத்தைமேல் படுக்க வைத்திருந்தது. கற்றைகளின் மேல் சேறு படிந்த கொண்டை ஊசிகள். ஒரு சாண் விட்டு ஒரு சாண்.

"தொடாதம்மா." உதடு மட்டும் அசைந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தா போதுமாம்."

ஓர் ஊசியைப் பிடுங்கினாள். வந்தது.

முடியைத் தூக்கினாள்.

வரவில்லை.

குனிந்தாள். ஊசி குத்தியிருந்த இடத்தில், முடியிலிருந்து, வெள்ளை வெளேரென்று, ஈரமாக, நூலைவிட மெல்லிய வேர்கள் மெத்தைக்குள் இறங்கியிருந்தன.