அப்பா திருத்திய பூனை

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் சரிசெய்துவிடுவார்.

அது அவர் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்த வியாதி. கிழிந்துபோன, கறை படிந்த பழைய புகைப்படங்களை வாங்கி, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டுப் புதுசாக்கித் தருவதுதான் அவர் வேலை. மூடிய கண்ணைத் திறப்பார். முகப்பருவை மறைப்பார். ஒருமுறை வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டார் என்று தாராளமாக முடி வைத்துக் கொடுத்தார். "இது யாரு? எங்க வீட்டுப் படம் இல்லையே" என்று அவருடைய மனைவி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. சுவரில் காலண்டர் கோணலாக இருந்தால் நிமிர்த்துவார். பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைப்பார். "இந்த மனுஷனுக்குக் கை சும்மாவே இருக்காது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். என் பூனையில் கை வைக்கும்வரை எனக்கும் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பூனைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடத்தின் முதல் ஓவிய வகுப்பில் நான் ஒரு பூனை வரைந்தேன். அதைப் பார்த்த பக்கத்து இருக்கைப் பையன், "டேய், இங்க பாருங்கடா, உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்சிருக்கு!" என்று கத்தினான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'உருளை'. பெயர் வைத்தவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. வரைவதைவிட அதிகமாக அழிப்பதால் அவன் 'ரப்பர்'. ஆனால் என்னைக் கூப்பிட்ட மாதிரி அவனை யாரும் நாள் முழுக்கக் கூப்பிடவில்லை. எனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி மாளாது.

வருடத்தின் கடைசி வாரத்தில் ஓவிய மிஸ் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க அப்பா அம்மா எல்லாரும் வரப்போறாங்க. ஒவ்வொருத்தரும் மூணு படம் மாட்டணும். வருஷ ஆரம்பத்துல வரைஞ்சது ஒண்ணு, நடுவுல ஒண்ணு, இப்போ வரைஞ்சது ஒண்ணு. பக்கத்துல நின்னு, அப்போ என்ன வரல, இப்போ என்ன வருதுன்னு நீங்களே சொல்லணும்."

"அழகா இருக்கறதைத்தானே மிஸ் மாட்டணும்?" என்று ரப்பர் கேட்டான்.

"அழகு எனக்கு வேண்டாம். வித்தியாசம் தெரியணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் உருளைக்கிழங்குப் பூனையை எல்லோரும் பார்க்கட்டும். நடுவில் வரைந்த அம்மாவின் கையைப் பார்க்கட்டும். போன வாரம் வரைந்த, மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு யார் என்னை உருளை என்று கூப்பிடுகிறார்கள், அதையும் பார்த்துவிடலாம்! மூன்று படங்களையும் வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன்.

வியாழக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வாயெல்லாம் பல்.

"கண்ண மூடிக்கோ. உள்ள வா. இப்போ திற!"

திறந்தேன். மேசைமேல் ஒரு பூனை இருந்தது. பளபளவென்று கண்கள், மீசை, முதுகில் அலை அலையாய் முடி, தரையில் நிழல்.

"இது என்னப்பா?"

"உன் பூனைதான். கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

"இது என் பூனையே இல்ல!"

"உன்னோடதுதாம்மா. மீசை மட்டும்தான் என்னோடது."

"வாலு?"

"வாலும் என்னோடது."

"காலு?"

"காலு... நாலும் என்னோடது. ஆனா இடது காதைத் தொடவே இல்ல. சத்தியமா."

நான் சைக்கிள் படத்தை எடுத்தேன். அதில் இரண்டு மரங்கள் நின்றிருந்தன.

"அதுல வேலை பெருசா ஒண்ணும் இல்ல. சும்மா விட மனசு வரல. அதான் ரெண்டு மரம் வச்சேன்" என்றார் அப்பா.

"மாடிப்படிக்குக் கீழ எப்படிப்பா மரம் முளைக்கும்?"

அப்பா யோசித்தார். "தொட்டிச் செடின்னு சொல்லிக்கலாம்."

எனக்கு அழுவதா கத்துவதா என்றே தெரியவில்லை. முதல் படமே இப்படி ஜொலித்தால், நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று நாளைக்கு எதைக் காட்டுவது? எல்லாம் மையும் வர்ணமுமாக இருந்ததால் அழிக்கவும் வழியில்லை.

அப்போதுதான் அம்மா வேலை முடிந்து வந்தார். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். மேசையைப் பார்த்தவர் தன் கையின் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாரு கை?"

"உன் கைதான்" என்றார் அப்பா.

"என் கைல இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்குமே. அது எங்க?"

"அதான் எடுத்துட்டேனே!" என்றார் அப்பா பெருமையாக.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? உங்க பொண்ணு ரெண்டு நாளா என் கையைப் பிடிச்சு வச்சிக்கிட்டு, அந்தத் தழும்பைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சா. எனக்கு இந்தப் படத்துல பிடிச்சதே அதுதான்."

அப்பாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. படத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணேன்" என்றார் சின்னக் குரலில்.

எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கத்தவும் முடியவில்லை. இதுதான் அப்பாவிடம் பெரிய தொல்லை. திட்டுவதற்குக்கூட வசதி இல்லாத ஆள்.

இதற்கு நடுவில் அடுத்த வீட்டிலிருந்து ரப்பர் வந்து சேர்ந்தான். பூனையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"உருளை, சூப்பரா இருக்கே! பேசாம இதையே மாட்டிடு. முதல் வகுப்புலயே இப்படி வரைஞ்சேன்னு சொல்லிடு."

"உருளைக்கிழங்குன்னு ஊருக்கே சொன்னதே நீதானேடா!"

"ஆமால்ல" என்று தலையைச் சொறிந்தான். "அப்போ நான் ஒண்ணு வரைஞ்சு தரட்டுமா? கேவலமா வரையறது எனக்கு ரொம்ப ஈசி."

"ஒண்ணும் வேண்டாம். ஏற்கெனவே ஒருத்தர் வரைஞ்சு குடுத்தது போதும். என் பூனையை நானே வரைஞ்சுக்கறேன். ஒரு உருளைக்கிழங்கு வரைய எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

உட்கார்ந்தேன். பழையபடி ஒரு வட்டம் போட ஆரம்பித்தேன். பாதியிலேயே கை தானாக வளைந்து கழுத்துக்கு இடம் விட்டது. கழுத்து வந்ததும் முதுகு வந்துவிட்டது. குண்டுப் பூனைதான், ஆனால் பூனை.

அடுத்த தாளில் நாலு தீக்குச்சிக் கால் போட்டே தீருவது என்று பல்லைக் கடித்தேன். முன்னங்கால் இரண்டும் தீக்குச்சி. பின்னங்கால் மட்டும் பூனை உட்காரும்போது மடியுமே, அப்படியே மடிந்துகொண்டது. பாதி வருடம் ஜன்னலில் உட்கார்ந்து மாடி வீட்டுப் பூனையைப் பார்த்ததன் வினை!

இடது கையால் வரைந்தேன். கோடெல்லாம் நடுங்கியது. ஆனால் குளிரில் நடுங்கும் பூனைபோல இருந்ததே தவிர, உருளைக்கிழங்கு ஆகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். வால் தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது. கண்ணைத் திறந்தால், வால் இல்லாத ஒரு பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ! தப்பா வரையக்கூட வரல எனக்கு!" என்று கத்திப் பென்சிலை வீசினேன்.

ரப்பர் நாலு தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். "என்னால இப்படி ஒண்ணுகூட வரைய முடியாது. நீ என்னடான்னா வேணாம் வேணாம்னு வரைஞ்சு தள்ளறே" என்று அலுத்துக்கொண்டான்.

நானும் எட்டிப் பார்த்தேன். நாலும் பூனை. என் பூனை. எனக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. சிரிப்பு வந்தது.

"நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். அவருடைய விரல்கள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. சும்மா உட்காரச் சொன்னால் பாவம், துடித்துப்போவார்.

"பென்சிலெல்லாம் சீவிக் குடுங்கப்பா. அம்மா, நீங்க கையை நீட்டுங்க. மறுபடி வரையணும்."

அம்மா கையை மேசைமேல் வைத்துக்கொண்டு ரப்பரிடம் கதை பேசினார். நான் விரல் விரலாக வரைந்தேன். தழும்பைக் கடைசியாக, மிகவும் மெதுவாக வரைந்தேன். நான் முடிப்பதற்குள் வீட்டிலிருந்த எல்லாப் பென்சிலும் ஊசிமுனைபோல் ஆகிவிட்டன. அம்மாவின் கணக்கு எழுதும் பென்சிலையும் அப்பா விட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பறை நிரம்பி வழிந்தது. என் இடத்தில் அப்பா திருத்திய பூனை முதலில். அதன் பக்கத்தில் நாலு பூனைகளையும் ஒரே அட்டையில் ஒட்டி மாட்டினேன். மூன்றாவது, புதிதாக வரைந்த அம்மாவின் கை. மரம் முளைத்த சைக்கிள் வீட்டிலேயே இருந்துவிட்டது.

மிஸ் வந்து நின்றார். பளபளப் பூனையை உற்றுப் பார்த்தார். "இது நீ ஆரம்பத்துல வரைஞ்சதா?"

படத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "இடது காது மட்டும் மிஸ்."

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் பையன்கள் தூக்குவதுபோல் அப்பா கையைத் தூக்கியிருந்தார். "மத்ததெல்லாம் நான் பண்ணினது மிஸ். அவ மேல தப்பு இல்ல. கை சும்மா இல்லாம..." அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சொல்லிவிட்டார் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"பழைய பூனை போச்சு மிஸ். அதே மாதிரி திரும்ப வரையலாம்னு உட்கார்ந்தேன். சாதாக் கையால வரைஞ்சேன், இடது கையால வரைஞ்சேன், கண்ண மூடிட்டும் வரைஞ்சேன். இந்த நாலும் அதுதான்."

"சரி. அப்போ வராதது என்ன?"

"அப்போ பூனை வரல மிஸ்."

"இப்போ?"

"இப்போ உருளைக்கிழங்கு வரல."

வகுப்பே அதிர்ந்தது. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ரப்பர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பிறகு என் அருகில் வந்து, "இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். அது அவன் பாடு என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் திரும்பிப் பார்த்தேன். அப்பா என் நாலு பூனைகளுக்கு முன்னால், மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டி, ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இந்தப் பூனையோட முதுகு இருக்கு பாரு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா!"

"நல்லாருக்குன்னு சொல்ல வந்தேம்மா."