நாலாவது பலூன்

காலை பதினோரு மணி.

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது.

"சார்! உடனே பிணவறைக்கு வாங்க!" போஸ்ட்மார்ட்டம் டாக்டரம்மாவின் குரலில் பதற்றம். "மூணாவது ஆளும் போயிட்டாரு..."

பிணவறையை இரண்டாவது மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ! பாதிப் படி ஏறுவதற்குள் இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது. இடது தோளில் சுருக்கென்று ஒரு வலி...

மேசையில் நடுத்தர வயது உடம்பு. டாக்டரம்மா இதயத்தின் ரத்தக்குழாயைப் பிளந்து காட்டினாள்.

"நாலு மாசம் முன்னாடி பலூன் விட்டு விரிச்ச இடம் சார். விரிக்கறப்போ உள்சுவர்ல காயமாகும். ஆறும்போது சதை வளர்ந்து வழியை அடைச்சுடும். அதைத் தடுக்கத்தான் பலூன் மேல மருந்து பூசியிருக்கும்."

"இதுல?"

"அந்த இதய டாக்டர் ஸ்டோர்ல நீங்க பிடிச்ச பலூனை எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டேன். பொட்டு மருந்து இல்லை! சாதா பலூனை மருந்து பலூன்னு சொல்லி ஏமாத்தியிருக்கான். செத்த மூணு பேருக்கும் அவன்தான் வைத்தியம்!"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் அவன்தாம்மா பண்ணான்... மூணு மாசம் ஆச்சு."

"சார்!"

"ஒரே சான்ஸ்தான், மறுபடி அடைச்சா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அவனே சொன்னான்!"

கால் மணி நேரத்தில் இதய டாக்டரின் சட்டைக் காலர் இன்ஸ்பெக்டரின் கையில்!

"சொல்லுடா! எனக்கு எதை விட்டே?"

"ஒரிஜினல் சார்! சத்தியமா! போலீஸ்காரர் நெஞ்சுல விளையாட நான் என்ன பைத்தியமா? இந்த ஒரு வருஷத்துல உங்களுக்கு மட்டும்தான் நிஜமான மருந்து பலூன்!"

இன்ஸ்பெக்டரின் கேஸ் ஷீட்டில் பலூன் பாக்கெட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் கம்பெனிக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னார்.

ஒரிஜினலேதான்!

போன உயிர் திரும்பி வந்தது. உடனே மனைவியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மூலையில் நின்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் திடீரென்று விசும்பினாள்.

"நீ ஏம்மா அழறே?"

"சாதா பலூனை உள்ளே விடறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணியில நல்லா முக்கித் துடைச்சுக் கொடுப்போம் சார். ஆனா மருந்து பலூனை நனைக்கவே கூடாது... மருந்து கரைஞ்சுடும்."

"அதனால...?"

"ஒரு வருஷமா எல்லாமே சாதாதானே... கை பழகிப்போச்சு. உங்க பலூனையும் முக்கித் துடைச்சுட்டேன். அன்னிக்கு மட்டும் ஒரிஜினல்னு இந்த மனுஷன் என்கிட்ட சொல்லவே இல்லையே சார்!"

டாக்டரின் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சரிந்தார். தோளில் மறுபடியும் அதே வலி. இத்தனை வருஷ சர்வீஸில் வராத பயம் இப்போது வந்தது.

போனை எடுத்தார். மனைவிக்கு இல்லை.

"டாக்டரம்மா... ரிப்போர்ட்டை இன்னிக்கே முடிச்சுடாதீங்க. கடைசில ஒரு வரி காலியா விட்டு வைங்க."

"எதுக்கு சார்?"

"நாலாவது ஆளு வர்றான்... கவலைப்படாதீங்க, இந்தத் தடவை படி ஏறி மூச்சு வாங்க மாட்டான். தூக்கிட்டு வருவாங்க!"