சக்கரம் பூட்டிய பீரங்கி

என் பெயர் யோகநாதன். வயது இருபத்துமூன்று. சாவகச்சேரியிலிருந்து அண்ணன் வீரகத்தியோடு கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்தவன். இப்போது வவுனியாவில், அப்புத்துரை ஐயா வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். ஐயா ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர்.

அவரிடம் என்னை இழுத்து வந்தவர் முல்லைத்தீவு மரியநாயகம் அண்ணை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலையில் போர்க்கப்பல்களில் தச்சு வேலை செய்தவர். அந்த ஞாபகத்தில் மரத்தில் சிறிதாகச் செய்திருந்த விமான எதிர்ப்புப் பீரங்கி காணாமற்போய்விட்டது. வவுனியாக் கண்காட்சியில் சிறந்த மாதிரிக்குப் பரிசு, ஒரு பட்டறையில் நிரந்தர வேலை. அவருடைய கடற்கரை மீன்வாடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த என்னை, வயல் வேலைக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்தான். அன்றுதான் பீரங்கியும் மறைந்தது. நான்தான் எடுத்தேன் என்று அண்ணை நினைத்தார். பொலிசில் முறையிட்டால் என்னை மறியலில் அடைத்துவிடுவார்கள்.

ஐயா என்னைக் கேட்கவில்லை. அந்தப் பீரங்கி எதில் பூட்டியது என்று மரியநாயகம் அண்ணையைக் கேட்டார். கப்பல் தளத்தில் பூட்டுவது, வட்டப் பீடம், சக்கரம் கிடையாது என்றார் அண்ணை. கப்பலிலும் தரையிலும் பீரங்கி ஒன்றுதானாம். விமானத் தளத்தில் இழுத்துத் திரிவதற்கு நாலு சக்கரமும், மண்ணில் ஊன்ற நாலு கையும் வைப்பார்களாம்.

மூவரும் கண்காட்சிக்குப் போனோம். அங்கே அண்ணனும் ஒரு பீரங்கியோடு நின்றான். பச்சை வர்ணம், நாலு சக்கரம், நடுவில் பலகைப் பெட்டி. யுத்தகாலத்தில் வவுனியா விமானத் தளத்தில் கண்டதை வைத்துத் தானே செய்ததாகச் சொன்னான். மரியநாயகம் அண்ணை நியாயமான மனிதர். மேல்பாகம் தன்னுடையது போலத்தான், ஆனால் எல்லோரும் ஒரே பீரங்கியைப் பார்த்துத்தானே செய்கிறார்கள் என்று பின்வாங்கினார்.

அண்ணன் தப்பினான் என்று எனக்கு உயிர் வந்தது. "அண்ணையின்ரை வேறை மாதிரி ஐயா. தொட்டுப் பாருங்கோ, நல்லாச் சுத்தும்" என்றேன்.

ஐயா குழாயை விரலால் மெல்லச் சுழற்றினார். மட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த குழாய், பின்பக்கம் வந்ததும் தானாக மேலே எழும்பி, சற்றுத் தள்ளித் திரும்ப இறங்கியது.

"வீரகத்தி, இது ஏன் எழும்புது?"

"நான் கண்டதும் அப்பிடித்தான் எழும்பும்."

"விமானத் தளம் சுத்திவர வெட்டைவெளி. எதுக்கு மேலாலை எழும்ப வேணும்?"

அண்ணன் குழாயைப் பிடித்து நிறுத்தினான். ஐயா தொடர்ந்தார்.

"கப்பலிலை பின்னாலை கப்பித்தான் நிக்கிற மேடை இருக்கும். பிளேனைத் துரத்திச் சுடேக்கை தன்ரை கப்பித்தானையே சுட்டுப்போடாமல், குழாயைத் தூக்கிவிட உள்ளுக்கை ஒரு வளையம் வைப்பினம். தரையிலை அது தேவையில்லை. சக்கரம் பூட்டினவர் கப்பலைக் கண்டதில்லை. அதாலை கழட்டேல்லை."

மரியநாயகம் அண்ணை பலகைப் பெட்டியை நெம்பினார். உள்ளே அவருடைய வட்டப் பீடமும், ஒரு பக்கம் உயர்ந்த வளையமும் இருந்தன.

"தம்பி, உன்னை வீணாய்க் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன்" என்று என் தோளைத் தொட்டார்.

இரண்டு போகம் நெல் கருகிய பிறகு அண்ணனுக்கு அந்த வேலை எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அவன் என்னை மட்டும் பார்த்தான்.

"நீதானே சுத்தச் சொன்னனீ."

அதற்குப் பிறகு நான் குடியேற்றத்துக்குப் போகவில்லை. இதைப் படிக்கும் எங்கள் சொந்தக்காரர் யாராயிருந்தாலும், அந்தப் பக்கம் போனால் என் உடுப்புகளை அண்ணியிடம் வாங்கி வவுனியாவுக்கு அனுப்பிவிடுங்கள். அண்ணனிடம் கேட்க வேண்டாம்.