லண்டன் நேரம் காட்டிய கைக்கடிகாரம்

அன்று மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐவர். கணவரை இழந்த கனகேஸ்வரி, மகள் சுதர்சினி, லண்டனுக்கு வேலைக்குப் போன மகன் கிரிதரன், நோயாளியைக் கவனித்துக்கொண்ட கிள்ளான் ஊர் இராஜம்மா, கனகேஸ்வரியின் தம்பியும் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியுமான பரமேஸ்வரன். நடுவில், பெட்டிக்குள் வீரசிங்கம். அவருடைய இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

மகன் புறப்பட்டுப் போன நாள் முதல் அந்தக் கையில் ஒரு தங்கக் கடிகாரம் உண்டு. லண்டன் நேரத்தை மட்டுமே அது காட்டும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

காலை ஆறு மணிக்கு உயிர் பிரிந்தது. ஆறரைக்குச் சுதர்சினி வாட்ஸ்அப்பில் அண்ணனை அழைத்தாள். மாலை நான்கு மணிக்கு அவன் வாசலில் வந்து நின்றான்.

"சீக்கிரம் வந்துட்டியே" என்றார் பரமேஸ்வரன்.

"லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னாலே லா மாமா. அந்த நேரம் அவனுக்கு மிச்சம்" என்றாள் சுதர்சினி. எல்லாரும் தலையாட்டினார்கள். "அதை விடுங்க. அப்பாவோட கடிகாரத்தைக் காணோம், போலீஸைக் கூப்பிடுங்க. வீட்டிலே வெளியாள் இவ ஒருத்திதான்."

இராஜம்மா சுவரோரம் நின்றாள். திருடி என்று பெயர் வந்துவிட்டால் இனி எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

"கடைசியா எப்போ பார்த்தே?" பரமேஸ்வரன் கேட்டார்.

"நேத்து மத்தியானம், ஐயா. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. காய்கறி வாங்க நான் பாசாருக்குப் போறப்போ இருந்துச்சு, வந்து பார்த்தா கையிலே இல்ல. எங்கேன்னு கேட்டேன். சிரிச்சாரு."

"நல்லா கதை விடுறே" என்றாள் சுதர்சினி.

பரமேஸ்வரன் கிரிதரனைப் பார்த்தார். லண்டன் மருமகன் என்று ஊரெல்லாம் சொல்லி நிமிர்ந்து நடந்தவர் அவர். பேசாமல் இருந்தால் குடும்பத்தின் பெயர் தப்பும். அதற்கு விலை இராஜம்மாவின் பெயர்.

"கிரி, லண்டன்லேர்ந்து இங்கே எவ்வளவு தூரம்?"

கிரிதரனின் கை கால்சட்டைப் பைக்குப் போனது.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேலே. ஆகாயத்திலேயே பதின்மூணு மணி நேரம். நேர வித்தியாசம் கடிகாரத்துக்குத்தான், பிளைட்டுக்கு இல்ல. நீ ஒன்பதரை மணி நேரத்திலே வந்துட்டே. எங்கேயிருந்து வந்தே?"

"மாமா, உள்ளே போய்ப் பேசலாம்."

"வேண்டாம். அவ முன்னாலேயே சொல்லு."

"ஷா ஆலம், இதோ பக்கத்து ஊர்தான்" என்றான் கிரிதரன். "லண்டன்லே வேலை போய் நாலு மாசமாச்சு. ஒரு பேக்டரி ஸ்டோர்லே நிக்கிறேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கால்சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தான். அது மலேசிய நேரத்தைக் காட்டியது.

"நேத்து மத்தியானம் வந்தேன். அப்பாவே முள்ளைத் திருப்பி என் கையிலே கொடுத்தாரு."

"ஏன்டா, இவ்வளவு நேரமா அவளைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டு நின்னியே" என்றாள் கனகேஸ்வரி.

பரமேஸ்வரன் எழுந்து இராஜம்மாவுக்குத் தம் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை, பையை எடுத்துக்கொண்டு, பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

அந்தப் பையன் தகப்பன் முகத்தை உயிரோடு பார்க்கவில்லை என்று பிரிக்பீல்ட்ஸில் இன்றும் பேசுகிறார்கள். அது பொய். அவன் பார்த்தான். அவரும் அவனைப் பார்த்தார்.