அடைத்து வைத்த ஜன்னல்

வந்தவன் ஸலாம் கூடச் சொல்லவில்லை. மொனராகலையிலிருந்து காலைப் பஸ்ஸில் வந்து இறங்கிய ஹாஷிம், நேரே பின்னறைக்குப் போனான். ஜன்னலை மறைத்துத் தொங்கிய சாக்கைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எங்களப் பெத்த உம்மாவை இருட்டுல போட்டு வச்சிருக்கியே லரீபா! பகல்ல ஒரு வாய் சோறு குடுக்கிறதில்லையாமே! பதுளைக் கடைவீதி முழுக்க இதே பேச்சு!"

லரீபாவின் கணவன், ஹாஷிமின் தம்பி ஸலீம் வாசலில் நின்றான். அண்ணன் கத்துகிறான், பெண்டாட்டி குனிந்து நிற்கிறாள், இவன் வாயில் கொழுக்கட்டை! உம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது வெளியே தெரிந்தால் தங்கள் மகள் ஸல்மாவின் சம்பந்தம் கலைந்துவிடும் என்று லரீபாவிடம் சத்தியம் வாங்கியவனே அவன்தான். நாலு மாதமாக ஊர்ப்பழியை அவள் ஒருத்தியே சுமந்தாள்.

ஹாஷிம் சாக்கைப் பிடுங்கி எறிந்தான். கட்டிலில் கிடந்த ரஹ்மத்தும்மாவுக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. அவன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் வாயருகே நீட்டினான்.

"சாப்பிடுங்க உம்மா... நான் ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்."

ரஹ்மத்தும்மா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"யாருப்பா நீ? நோன்புக்காரிக்குத் திங்கக் குடுக்கிறியே, அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?"

"என்ன நோன்பு உம்மா? ரமளான் முடிஞ்சு நாலு மாசமாச்சே!"

"பொய் சொல்லாதே! இந்த வெயில் அடிக்குது... பொழுது சாயல்ல இன்னும்!"

உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். ஹாஷிம் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். லரீபாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"புடுங்கின சாக்கை நீங்களே மாட்டுங்க மச்சான்! உம்மாவுக்கு அந்த ரமளான் இன்னும் முடியல்ல. பொழுது சாயாம தண்ணி கூடத் தொட மாட்டாங்க. ரெண்டு தரம் மயங்கி விழுந்துட்டாங்க... அதுக்குத்தான் அறையை இருட்டாக்கினேன். மத்தியானம் லுஹர் பாங்கு கேட்டா, பொழுது சாஞ்ச மஃரிபுன்னு நெனச்சு கஞ்சி குடிப்பாங்க. இதுதான் நான் செஞ்ச கொடுமை!" பிறகு கணவனிடம் திரும்பினாள். "சத்தியத்தை முறிச்சிட்டேன்... என்னால இனி முடியாதுங்க!"

ஸலீம் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஹாஷிம் சாக்கை எடுத்து மாட்டினான்.

சற்று நேரத்தில் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஒலித்தது. லரீபா விளக்கேற்றி, ரஹ்மத்தும்மாவைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சிக் கோப்பையைக் கொடுத்தாள். அவர் துஆ ஓதிவிட்டு ஆவலோடு குடித்தார். பாதியில் நிறுத்தி, இருட்டில் நின்றவனைப் பார்த்தார்.

"நீங்களும் நோன்பு திறங்க தம்பி... வெக்கப்படாதீங்க. எனக்கும் ஒரு மகன் இருக்கான், ஹாஷிம்னு. பெருநாளைக்கு வருவான். அவன் வரணும்னுதான் ஒரு நோன்பும் விடாம புடிக்கிறேன்."

நாலு மாதத்துக்கு முந்திய அந்தப் பெருநாளைக்குக் கடையை விட்டு வர முடியாது என்று ஹாஷிம் தந்தி அடித்திருந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"லரீபா... தங்கச்சி... என்னை மன்னிச்சிரும்மா!"

மன்னிக்கவும் அவளிடம் தெம்பில்லை.

"சத்தம் போட்டு அழாதீங்க மச்சான், உம்மா பயந்துருவாங்க" என்று சொல்லி, அவனுக்கும் ஒரு கோப்பை கஞ்சி ஊற்றினாள்.