மர்பியின் கூண்டு

தவக்காலத்தின் மூன்றாவது திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குக் கெஸியா கதவைத் தட்டினாள்.

கோத்தகிரி காவல் நிலைய ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற இந்துமதி சால்வையோடு வந்து திறந்தார். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த டெனின் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவன் பக்கத்து வீட்டு டாக்சி ஓட்டுநர். துப்பு என்றால் சவாரியைக்கூட விட்டுவிடுவான்.

"என் நாயைக் காணோங்க," என்றாள் கெஸியா. "சிறுத்தை தூக்கிருச்சுன்னு மாமா சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பலைங்க."

அவளும் கணவன் லெஸ்லியும் அயர்லாந்தில் இருந்தவர்கள். போன அக்டோபரில் லெஸ்லி வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கி வரும் வழியில் விழுந்து இறந்தான். அங்கேயே அடக்கம். அவன் வளர்த்த மர்பியை, தடுப்பூசிக்கும் அனுமதிக்கும் அலைந்து, அரவேணுவிலுள்ள மாமனார் பிராங்ளின் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போயி ராத்திரி தங்கிட்டேன். மறுநாள் வந்தா வாசப்படியில ரத்தம். மர்பி இல்லை." கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "அவரோடதுன்னு எனக்கு மிச்சம் அது ஒண்ணுதாங்க. செத்துருச்சுன்னா அதையாவது தெரிஞ்சுக்கோணும்."

அரவேணுவில் மூடுபனி விலகவில்லை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. முன்னறையில், கேட்டைப் பார்த்த கண்ணாடி ஜன்னலருகே பிராங்ளின் உட்கார்ந்திருந்தார். தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர்.

"ஏனுங்க, சிறுத்தை நாய் தூக்கறது இங்க புதுசா? அதுக்குப் போலீஸ் வரோணுமா?"

"போலீஸ் இல்லீங்க. ரிட்டயர்டு," என்றார் இந்துமதி.

வாசற்படியில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அதில் ஒரு சிறிய செம்பழுப்பு இறகு ஒட்டியிருந்தது. டெனின் குனிந்து பார்த்தான்.

"சிறுத்தையேதாங்கக்கா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. பாரு."

பின்கட்டில் விறகுக் குவியலின் மேல் கோழிகள் பனியில் நனைந்து ஒடுங்கியிருந்தன. பக்கத்தில் கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் கூண்டு ஒன்று, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மர்பி பிளைட்ல வந்த கூண்டுங்க," என்றாள் கெஸியா. "சும்மா கிடந்துச்சு, மாமா கோழி அடைக்க வெச்சுக்கிட்டாரு. சனிக்கிழமை நான் வந்தப்பவே கழுவியிருந்துச்சு."

"அப்ப கோழிங்க ராத்திரி எங்க இருக்குது?" என்று கேட்டார் இந்துமதி.

"விறகு மேலதாங்க. சனிக்கிழமை நான் வந்ததுல இருந்து."

"சேவல் இல்லையா?"

கெஸியா யோசித்தாள். "செவலைச் சேவல் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு நாளா கூவின சத்தமே இல்லை. இப்பத்தான் உறைக்குது."

அவள் சுண்டலும் கடுங்காப்பியும் கொண்டுவந்தாள். "ஈஸ்டர் வரைக்கும் இந்த ஊட்டுல கறி, மீன் கிடையாதுங்க. மாமா ரொம்பக் கறாரு."

"நீயும் விரதந்தான டெனின்?"

"முட்டை பப்ஸ் மட்டும் கணக்குல வராதுங்கக்கா."

இந்துமதி சிரிக்கவில்லை. மேரக்காய்ப் பந்தலடியில் ஒரு காகம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் அங்கே கைகாட்டினார். டெனின் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினான். செவலைச் சேவல் இறகோடு முழுசாகக் கிடந்தது. கழுத்து மட்டும் கத்தியால் அறுபட்டிருந்தது.

முன்னறைக்குத் திரும்பினார்கள். பிராங்ளின் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"சேவலை அறுத்தா அடுத்து என்ன பண்ணுவாங்க, டெனின்?" என்றார் இந்துமதி.

"குழம்பு வைப்பாங்க."

"வேற மாசமா இருந்தா இங்கயும் வெச்சிருப்பாங்க. நமக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. தவக்காலத்துல ஆக்கவும் முடியாது, ஏன் அறுத்தீங்கன்னு கேப்பாங்கன்னு யாருக்கும் குடுக்கவும் முடியாது. அதான் புதைச்சாச்சு. படியில இருக்கறது சேவல் ரத்தம்."

"அப்ப சிறுத்தை?"

"வாசல் வரைக்கும் சிறுத்தை வந்துச்சுன்னா யாராவது கோழிகளை வெளிய உட்டு வெப்பாங்களா? இவரு ரெண்டு ராத்திரியா உட்டு வெச்சிருக்காரு. வரலைன்னு இந்த ஊட்டுல இவருக்கு மட்டுந்தான் தெரியும்."

டெனின் பிராங்ளினைப் பார்த்தான். "நாயைக் கொன்னுட்டாரா?"

"கொல்லப் போறவரு கூண்டைக் கழுவ மாட்டாரு. கோழி எச்சத்தைச் சுத்தமா கழுவி, அதுல நாயை ஏத்திக் கொண்டு போயிருக்காரு. பழகின கூண்டு. தானா ஏறியிருக்கும்."

பிராங்ளின் இப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"ஏறுச்சுங்க," என்றார் பிராங்ளின். "வாலாட்டிட்டே ஏறுச்சு. திரும்பவும் அதுல கோழி அடைக்க எனக்கு மனசு வரலை."

"மர்பி இப்ப எங்க இருக்குது, மாமா?" என்றாள் கெஸியா.

"ஊட்டி தாண்டி நடுவட்டத்துல, வடிவேல் ஊட்டுல. என்கூட ஃபேக்டரியில இருந்தவன். நல்லாப் பார்த்துக்குவான்."

"என் வண்டியைக் கூப்பிட்டிருக்கலாமில்லீங்க?" என்று டெனின் வாய்தவறிக் கேட்டுவிட்டான்.

"உன்னைக் கூப்பிட்டா கோத்தகிரிக்கே தெரியும்." பிராங்ளின் கேட்டைக் காட்டினார். "சாயங்கால பஸ் சத்தம் கேட்டதும் அங்க போயி உக்காரும். பஸ் போனாலும் எந்திரிக்காது. இருட்டற வரைக்கும் லெஸ்லிக்காகப் பார்த்துட்டே இருக்கும். எம் பையன் முகத்தைக் கடைசியா நான் பார்க்கலை, கெஸியா. தினமும் இந்தச் சேர்ல உக்காந்து, வருவான்னு அது நம்பறதை மட்டும் பார்த்துட்டு இருக்கோணுமா?"

டெனின் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கைவிட்டான். இந்துமதி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கெஸியா மாமனாரின் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தாலும் கேட் தெரிந்தது.

"வடிவேல் அண்ணன் ஊடும் ரோட்டோரந்தான மாமா? அங்க பஸ் வர்றப்ப மர்பி என்ன பண்ணுது?"